எச் கீயும் ஹெட்டிங்கும் - என்விடிஏ-ல பல வருச அனுபவம்

எனக்குக் கண்ணு தெரியாது, பாளையங்கோட்டைல இருந்துக்கிட்டு பல வருசமா என்விடிஏ வச்சுதான் நெட்டு பாக்கேன், ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுச் சொல்லுத சாஃப்ட்வேரு அது. 2006-ல ஆஸ்திரேலியால மைக்கேல் கர்ரன் ஆரம்பிச்சது, சல்லிக்காசு கெடையாது, நல்லாவே வேல செய்யுது. அதுல நான் ஜாஸ்தியா அமுக்குதது எச் கீ தான். எச் அடிச்சா அடுத்த ஹெட்டிங், அதாவது தலைப்பு, ஷிப்டோட அடிச்சா முந்தினது, 1-லருந்து 6 வரைக்கும் நம்பர் அடிச்சா அந்தந்த லெவலு ஹெட்டிங், 1 பெரிய தலைப்பு, 2 அதுக்குள்ள வார தலைப்பு, அப்படியே போவும். ஹெட்டிங் உள்ள பக்கம்னா கண்டக்டர் ஸ்டாப்பு பேரு சொல்லிக்கிட்டே வார பஸ்சு மாதிரி, இல்லன்னா வளைவ எண்ணிக்கிட்டுல்லா உக்காந்திருக்கணும்.

2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சுல்லா, அப்ப எங்க அத்த வீடு குறுக்குத்துறைல தாமிரபரணி ஆத்த ஒட்டி, பாபநாசம் அணைல எவ்வளவு தண்ணி தொறந்து விடுதாங்கன்னு பாக்க ஒரு செய்தி சைட்ட தொறந்தேன். மழை அளவு, அணை நெலவரம், ரயில் ரத்து, முகாம் எல்லாம் ஒரே பக்கத்துல. எச் அடிச்சேன், அடுத்த ஹெட்டிங் இல்லங்குது. என்னன்னா, எல்லாத்தயும் போல்டு பண்ணி எழுத்த பெருசாக்கி வச்சிருக்கான், கண்ணுக்குத் தலைப்பு, உள்ள வெறும் பாரா. கரண்டு இல்ல, லேப்டாப்புல சார்ஜ் எறங்குது, டவரு வந்து வந்து போவுது, நான் கீழ் அம்பு கீய அமுக்கி ஒவ்வொரு வரியா கேட்டுட்டு கெடக்கேன், சேர்வலாறு மணிமுத்தாறுனு எல்லாம் தாண்டி பாபநாசத்துக்கு வாரதுக்குள்ள சவத்த பாதில மூடிரலாமான்னு ஆயிட்டு.

எழுத்து எவ்வளவு பெருசுன்னு பாத்து என்விடிஏ ஹெட்டிங்குன்னு முடிவு பண்ணாது, பக்கத்தோட கோடிங்ல எச்1, எச்2ன்னு ஹெட்டிங் லெவலு போட்டிருக்கணும், அவ்வளவுதான் விசயம். வேர்டுல அடிக்கவங்க கன்ட்ரோல் ஆல்ட் 1 அமுக்குனா போதும், கூகுள் டாக்ஸ்லயும் அதேதான். போல்டு பண்ணுத நேரம்கூட ஆவாது.

லெவல தாண்டிப் போடுதது ஒரு எரிச்சல். 2-க்கு அப்புறம் 4 வந்தா நடுவுல எதையோ விட்டுட்டமோன்னு திரும்பிப் போய்ப் பாப்பேன். ஆனா அதக்கூட பொறுத்துக்கலாம், "முக்கியத் தகவல்", "மேலும் சில"ன்னு தலைப்பு வைக்காங்க பாருங்க, அதுக்கு அது இல்லாமலே இருக்கலாம். வெப்சைட்ட எல்லாரும் பயன்படுத்துத மாதிரி வைக்கதுக்கு டபிள்யூசிஏஜின்னு உலக அளவுல ஒரு வழிகாட்டி உண்டு, அதுல 2.4.6ன்னு ஒரு விதியே இருக்கு, ஹெட்டிங் உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்னு. யாரு படிக்கா.

ஆண்ட்ராய்டு போன்ல வாசிச்சுச் சொல்லுத டாக்பேக்லயும் ரீடிங் கன்ட்ரோல்ல ஹெட்டிங்க்ஸ் வச்சுட்டு மேலகீழ தள்ளுனா இதே மாதிரி தாவலாம், ஆனா எனக்கு கீபோர்டு வேகம் அதுல வரல.

தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரு கருப்பட்டி மிட்டாய் ஆர்டருக்கு சைட்டு வச்சிருக்காரு. "அண்ணாச்சி, ஹெட்டிங் போடுங்க, என்னய மாதிரி ஆளுவளும் வாங்குவோம்லா"ன்னு சொன்னேன். போட்டாரு. இப்ப மிட்டாய் பேரு ஹெட்டிங், வெல ஹெட்டிங், "டெலிவரி உண்டு" ஹெட்டிங், அவரு போன் நம்பரும் ஹெட்டிங்கு. அடுத்த வாரம் நேர்ல போய் பக்கத்துல உக்காந்துதான் சரி பண்ணணும்.