நான்கு இரவுகளா, ஓர் இரவா?

ஜெர்மனியின் தேசிய விழா ஒன்றுக்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ஓபராவை (இசை நாடகத்தை) மேடையேற்ற நினைப்பவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, தேவர்களும் அரக்கரும் ரைன் நதியின் பொன்னும் நிறைந்த ‘நீபெலுங்கனின் மோதிரம்’. மற்றொன்று, 16ஆம் நூற்றாண்டு நியூரம்பர்க் கைவினைஞர்களைப் பற்றிய ‘மைஸ்டர்சிங்கர்’.

முன்னது நான்கு இரவுகளில் ஏறத்தாழ 15 மணி நேரம் நீள்வது. 1876 ஆகஸ்டில், வாக்னர் தன் படைப்புகளுக்கென்றே அரங்கம் கட்டிய பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறியபோது பேரரசர் முதலாம் வில்ஹெல்மே நேரில் வந்தார். ஆனால் விழா பெரும் நட்டத்தில் முடிந்ததால், அதே அரங்கில் அது மீண்டும் மேடையேற 1896 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் கதையிலேயே இருக்கிறது: பேராசையாலும் மீறிய ஒப்பந்தங்களாலும் தேவர்களின் மாளிகை தீக்கிரையாவதில் முடியும் ஒரு கதையை, அரசின் பெருமை பேசும் மேடைக்கு எவர் தேர்ந்தெடுப்பார்?

பின்னது ஓர் இரவில் முடிந்துவிடும்; மக்கள் திரண்டு பாடும் நிறைவுக் காட்சி விழாவுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். ஆபத்தும் அங்கேதான். 1924இல் பைராய்ட்டில் அது முடிந்ததும் பார்வையாளர்கள் எழுந்து நின்று தேசியப் பாடல் பாடினர். 1933 மார்ச் 21 அன்று, புதிய நாடாளுமன்றத் தொடக்க நாளின் மாலையில், பெர்லினில் ஹிட்லர் முன்னிலையில் அதுவே நடத்தப்பட்டது.

செலவு மிகுந்தாலும் நான் மோதிரத்தையே தேர்வேன். அதிகாரத்தைக் கொண்டாட வந்தவரை அது சும்மா விடுவதில்லை.