சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை: தாடை அறுவைக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போகும் சாலையோரத்தில், தகரக் கூரை வேய்ந்த ஒட்டுக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கும் வேப்பமரத்தை அடையாளமாகச் சொன்னால் ஊரார் வழி காட்டிவிடுவார்கள். காலையில் தோசையும் இட்டிலியும், நண்பகலில் வாழையிலைச் சோறும் கிடைக்கும் இந்தக் கடையின் கைமணத்தைப் பற்றி எழுத ஊரில் பலர் இருக்கிறார்கள். தாடை அறுவையில் முக நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவர் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பதைப் பற்றியே நான் எழுதுகிறேன். பதினான்கு மாதங்களாக எந்தக் கடை வாசலில் நின்றாலும் என் மனத்தில் முதலில் எழுவது அந்தக் கேள்விதான்.

என் நிலையைச் சொல்லாமல் இந்த மதிப்புரை விளங்காது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கி விழுந்ததில் என் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்தது. ஒன்று இடப்பக்கம் முகவாய்க்கு அருகில். மற்றொன்று வலப்பக்கம் காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டின் கழுத்தில். இரண்டையும் டைட்டானியத் தகடுகள் வைத்துப் பொருத்தினார்கள். இடப்பக்க முறிவில், தாடை எலும்புக்குள் ஓடிக் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு நசுங்கியது. அது ஐந்தாம் மூளை நரம்பின் கிளை. வலப்பக்க மூட்டை எட்டவோ, காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் விரிந்து செல்லும் ஏழாம் நரம்பின் கிளைகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. முகத் தசைகளை அசைப்பது அந்த நரம்பு. இந்த ஆபத்தை மருத்துவர்கள் முன்கூட்டியே விளக்கித்தான் கையொப்பம் வாங்கினார்கள். விளைவாக, என் வாயின் இடப்பக்கம் அசையும், ஆனால் உணராது. வலப்பக்கம் உணரும், ஆனால் சரிவர அசையாது. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டு நைந்திருக்கிறது என்றும், நைந்த இழை மறுபடி வளரும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும் என்றும் சொன்னார்கள். பெரும்பகுதி திரும்பிவிட்டது. திரும்பாத மிச்சத்தோடுதான் நான் வெளியே பசியாறப் போகிறேன்.

மரத்துப்போன உதட்டோடு கடைக்குப் போகிறவர் முதலில் அஞ்ச வேண்டியது சூட்டுக்குத்தான். வேறோர் ஊரில், கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த கோப்பியைக் கண்ணாடிக் குவளையில் அப்படியே குடித்துவிட்டு, மாலையில் முகம் கழுவும்போது உதட்டில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுட்டதே தெரிந்தது. இந்தக் கடையில் நான் மூன்றாம் முறை போனபோது, கடைக்கார அக்கா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் சூடு தெரியாது, தம்பி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அன்று முதல் எனக்குரிய தேநீரை நாலைந்து முறை கூடுதலாக ஆற்றி, சிறிய பீங்கான் கோப்பையில் முக்கால் அளவுக்கு ஊற்றித் தருகிறார். அளவு குறைவதும் எனக்கு நல்லதே. முழுக் கோப்பையைச் சாய்த்தால் வலது கடைவாயில் தேநீர் வழிந்துவிடும். முக்கால் கோப்பை என்றால், அந்த ஓரத்தை விரலால் தாங்கிக்கொண்டு சிறு சிறு வாயாகக் குடிக்கலாம். நான் வழிந்ததைத் துடைப்பதைப் பார்த்தவுடன் பல கடைகளில் அன்போடு உறிஞ்சுகுழாயை நீட்டுகிறார்கள். உறிஞ்சுவதற்கு உதடு குவிந்து மூட வேண்டும், எனக்கு அங்கேதான் காற்றுப் புகுகிறது. இதே நிலையில் உங்கள் வீட்டில் யாரேனும் இருந்தால், குழாயைவிடச் சிறிய கோப்பையைக் கொடுங்கள்.

உணவில் நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது இட்டிலியும் சாம்பாரும். இட்டிலியை ஊறவைத்தால் மெல்லும் வேலை பாதியாகக் குறைகிறது. சாம்பாரும் வழிந்தோடாத கெட்டியில் இருக்கிறது. நண்பகல் சோறு சற்றுக் கடினமான சோதனை. பொதுவாக நாம் மெல்லும்போது கன்னத்துத் தசைதான் உணவைத் திரும்பத் திரும்பப் பற்களுக்கிடையே தள்ளிக்கொடுக்கிறது. அது தளர்ந்துவிட்டால் பருக்கைகள் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுங்கிவிடும். வெளியிலிருந்து விரலால் அழுத்தித்தான் மீட்க வேண்டும். உதிரியாக வடித்த சோற்றில் இந்தத் தொல்லை மிகுதி. இங்கே வடிக்கும் புழுங்கலரிசிச் சோற்றைப் பருப்போடு குழைத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்கிறது. ஆட்டிறைச்சிப் பிரட்டல் எலும்பை விட்டுத் தானாகக் கழன்றுவரும் அளவுக்கு வெந்திருப்பதால், மூன்று விரல் திறக்க வேண்டிய வாய் இரண்டு விரல் அளவே திறக்கும் எனக்கும் அது எட்டுகிறது. மீன் குழம்பை நான் தவிர்க்கிறேன். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று உடன் வருபவர்கள் சொல்கிறார்கள், ஆனால் முள் உதட்டோரம் எங்கே நிற்கிறது என்பதை என்னால் அறிய முடிவதில்லை.

சாப்பாட்டைவிட எனக்குக் கடினம், அதைக் கேட்டு வாங்குவது. தமிழில் பகரமும் மகரமும் இரண்டு உதடும் ஒட்டினால்தான் பிறக்கும். பருப்பு, மீன், மோர், புளிக்குழம்பு, அப்பளம் என்று ஒரு சோற்றுக் கடையில் வாயைத் திறந்தால் வருவதெல்லாம் அந்த எழுத்துகளே என்பதை நான் உதடு தளர்ந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு கடையில் நான் சொன்னதை மூன்று முறை கேட்டும் விளங்காத பையன், என்னை விட்டுவிட்டு என் மகளிடம் "அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பேசினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேப்பமரத்துக் கடையில் அக்கா என் முகத்தைப் பார்த்து நின்று, நான் முடிக்கும்வரை காத்திருக்கிறார். சொல்லை எனக்கு முன்னால் அவர் முடித்துக்கொடுப்பதில்லை. முதல் வாரங்களில் நான் தடுமாறியபோது, "அவசரமில்ல தம்பி, மெதுவா சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. பரிமாறும் பெண்ணும் அப்படியே பழகியிருக்கிறார். நான் சிரித்தால் பாதி முகமே சிரிக்கும். தொடக்கத்தில் அதைக் கோபம் என்று அவர் எடுத்துக்கொண்டதைப் பின்னர் அவரே சொல்லி வருந்தினார். வளர்ந்து திரும்பிய நரம்பிழைகள் சில இடம் மாறிச் சேர்ந்துவிட்டதால், உதட்டைக் குவிக்கும்போது என் வலக்கண்ணும் சேர்ந்து சுருங்குகிறது. எதிரே இருப்பவர் அதைத் தவறாக எண்ணிவிடுவாரோ என்று கூச்சப்படாமல் நான் உட்காரும் ஒரே கடை இது.

கை கழுவும் இடத்துக்கு மேலே ஆளுயரத்தில் ஒரு பழைய கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதற்கு எதிரிலுள்ள மேசையில் உட்கார்ந்தால், உணர்ச்சியற்ற முகவாயில் ஒட்டிய பருக்கையை நானே பார்த்துத் துடைத்துக்கொள்ளலாம். யாரும் சைகை காட்ட வேண்டியதில்லை. முகப் பயிற்சி சொல்லித்தரும் சிகிச்சையாளர் வீட்டில் கண்ணாடி முன் உதட்டை மெதுவாகவும் அளவாகவும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்; வலுக்கட்டாயமாக இழுத்தால் தவறான அசைவுகள் பதிந்துவிடுமாம். அந்த நிதானத்தை உணவு நேரத்திலும் காக்க இந்தக் கண்ணாடி எனக்கு உதவுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரசத்தை எவர்சில்வர் குவளையில் விளிம்புவரை கொதிக்க ஊற்றி வைக்கிறார்கள். கிண்ணமும் கரண்டியும் கேட்டால் தருகிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. துடைக்கும் தாள் மேசைக்கு ஒரு பெட்டி என்று இல்லை. என்னைப் போன்றவர் வீட்டிலிருந்து கைத்துணி கொண்டுவருவது நல்லது. மழை வந்தால் தகரக் கூரையின் இரைச்சலில் என் பேச்சு யாருக்கும் எட்டாது, அன்றைக்குச் சுட்டிக்காட்டித்தான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும் கூட்டத்தில் அக்காவுக்கே நிற்க நேரமில்லை என்பதால் அன்று நான் போவதில்லை.

இரண்டு இட்டிலியும் தேநீரும் 5 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடுகின்றன. ஆட்டிறைச்சியோடு வாழையிலைச் சோறு 14 வெள்ளி. கண்ணாடி தெரியும் மேசைகள் இரண்டே இருக்கின்றன, ஏழரை மணிக்கு முன் போனால் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை கடை திறப்பதில்லை.