எடிட்டரிடம் பேசவிடாத பதிப்பகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

ஒரு புத்தகத்தின் 84-ஆம் பக்கத்தில், பத்திக்கு நடுவே, இப்படி அச்சாகியிருக்கிறது: [ஐயா, பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது 71 என்று முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. சேர்ந்த முதல் ராத்திரியே பின்கோடு பார்த்துக் கடிதம் பிரித்ததாக இங்கே வருகிறது. எது சரி?]

அதை எழுதியவள் நான். நூலாசிரியருக்கு நான் அனுப்பிய கேள்வி அது. அவர் கண்ணில் அது முதன்முதலாகப் பட்டது, புத்தகம் அச்சாகி, பைண்டிங் முடிந்து, அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேர்ந்த பிறகு.

நான் திருச்சியில் இருந்துகொண்டு எடிட்டிங், மெய்ப்பு பார்ப்பது, சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களுக்கு அச்சகம் வரை கூட இருந்து உதவுவது என்று சின்னதாகத் தொழில் செய்கிறேன். ஆபீஸ் என்றால் மாடி அறை, ஒரு லேப்டாப், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். நேரடி வாடிக்கையாளர்கள் இல்லாத மாதங்களில், 'உங்கள் நூலை நாங்கள் வெளியிடுகிறோம்' என்று பேக்கேஜ் விற்கும் நிறுவனங்களுக்கு உள்வேலை செய்துகொடுப்பேன். அப்படி ஒரு சென்னை நிறுவனத்திடம்தான் மாட்டினேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் அடையாளம் தெரியும்படி, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மூன்று புத்தகங்களுக்குப் பணம் அன்றன்றே வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஃபைல் அனுப்பினால் ஏழு மணிக்குள் ஜிபேயில் சத்தம் கேட்கும். இந்தத் தொழிலில் அது அபூர்வம் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "ஆத்தர்கிட்ட நேரா பேச வேண்டாம் மேடம். டவுட் எல்லாம் ஃபைல்லயே எழுதிடுங்க, எங்க கோஆர்டினேட்டர் கேட்டுச் சொல்லிடுவாங்க." ஃபைலில் நூலாசிரியரின் பெயர்கூட இருக்காது. நான் அவருடைய ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று உரிமையாளர் பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். என் லேஅவுட்காரர் விஷயத்தில் எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால் சரி என்றேன்.

நான்காவதாக வந்தது ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் பிரிவு) ஊழியர் ஒருவரின் நினைவுக்குறிப்பு. ராத்திரி ரயிலில் நின்றபடி ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த கதை. 41,000 சொற்கள். யாரோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த மாதிரி ஃபைல்களில் என்ன நடக்கும் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. 'ரயில்' என்று தேடினால் பாதி ரயில்கள் கிடைக்காது. அவற்றை எடுத்துத் தள்ளவே நான்கு நாள் போனது. ஆனாலும் அந்த எழுத்து எனக்குப் பிடித்துப்போனது. சாக்குப்பையின் வாயில் அரக்கு முத்திரை வைக்கும் வாசனையை மனிதர் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

முதல் சுற்றில் 62 கேள்விகளைச் சதுர அடைப்புக்குள் போட்டு அனுப்பினேன். இரண்டே நாளில் அத்தனைக்கும் பதில் வந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஐம்பது வருடத்துக்கு முந்தைய விவரங்களை இரண்டு நாளில் சரிபார்த்து அனுப்புவாரா? 84-ஆம் பக்கக் கேள்விக்கு வந்த பதில், "71 ஓகே மேடம்." நான் அதன்படி வாக்கியத்தைச் சரிசெய்து இறுதி ஃபைலை அனுப்பினேன். பேசியது 14,000 ரூபாய், முன்பணம் 4,000 வந்திருந்தது. மீதி கேட்டபோது "ஆத்தர் இன்னும் செட்டில் பண்ணல" என்றார்கள். அதற்குள் வேறு இரண்டு புத்தகங்களும் முடித்துக் கொடுத்துவிட்டேன். மொத்தம் 31,500 நிலுவை.

2024 ஜனவரியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. என் பெயரைச் சொல்லி, உறுதிப்படுத்திக்கொண்டு, "அம்மா, புத்தகத்துல என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. பதில் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே பதில் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். உரிமைப் பக்கத்தில் 'பிழைதிருத்தம்' என்று என் பெயர் போட்டிருந்ததைப் பார்த்து, உறையூரில் ஒரு புத்தகக் கடையில் விசாரித்து எண் வாங்கியிருக்கிறார். அவர் வீடும் திருச்சிதான், என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். "சேர்ந்தது 71. பின்கோடு வந்தது அடுத்த வருஷம். ரெண்டு ராத்திரிய ஒண்ணா எழுதிட்டேன்மா. முன்னாடியே கேட்டிருந்தா திருத்தியிருப்பேனே?"

அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 62 பதில்களையும் கோஆர்டினேட்டர் தானாகவே எழுதியிருக்கிறார். நான் அனுப்பிய இறுதி ஃபைலும் அப்படியானால் தப்புதான். அந்தத் தப்பான ஃபைலையாவது அச்சடித்தார்களா என்றால், அதுவும் இல்லை. காரணம் பிறகு அந்த நிறுவனத்தின் லேஅவுட்காரரிடம் பேசியபோது தெரிந்தது. அவசரம் என்று சொல்லி என் முதல் சுற்று ஃபைலை வைத்தே பக்கங்களை லேஅவுட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இறுதி ஃபைல் வந்ததும் மறுபடி செய்ய அவர் பக்கத்துக்கு இருபது ரூபாய் கேட்டிருக்கிறார். 176 பக்கத்துக்கு 3,520 ரூபாய். அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அவருக்கும் பாக்கியாம்.

புத்தகத்தை நேரில் போய்ப் பார்த்தேன். சதுர அடைப்புகளில் பெரும்பாலானவற்றை யாரோ நீக்கியிருக்கிறார்கள், ஐந்து தப்பிவிட்டன. ஒரு இடத்தில் 'இந்த வரி இரண்டு முறை வருகிறது, நீக்கலாமா' என்ற என் கேள்வியும் இருக்கிறது, அந்த வரியும் இரண்டு முறை இருக்கிறது. பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்படி ஒரு புத்தகத்தில் என் பெயர் இருக்கிறதே என்றுதான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நூலாசிரியர் கட்டிய பணத்துக்கு வருவோம். பேக்கேஜ் 72,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 12,960. ஆக 84,960 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டு, அது யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். எண்ணே போடாமல் வரி வசூலித்தால் அது யார் பைக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 200 பிரதி என்று பேச்சு, வந்தது 120. டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில், அந்தத் தாளில், 200 பிரதி நான் போட்டுக்கொடுத்திருந்தால் எடிட்டிங், லேஅவுட், அட்டை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. லாபம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஆபீஸ் வாடகை இருக்கிறது, ஏசி இருக்கிறது. ஆனால் அந்த பில்லில் இருந்த இரண்டு வரிகளை நான் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று, 'ஐ.எஸ்.பி.என். கட்டணம் 3,500'. ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் சர்வதேச அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மத்திய அரசின் முகமை ஒன்று கொடுக்கிறது. தனி ஆளாகப் புத்தகம் போடுகிற நூலாசிரியரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் வாங்கினால் பதிப்பாளர் என்ற இடத்தில் பதிப்பகம்தான் பதிவாகும். சரி, காசு வாங்கிக்கொண்டாவது ஒழுங்கான எண் கொடுத்தார்களா? அதே நிறுவனம் போட்ட இன்னொரு கவிதைப் புத்தகம் என்னிடம் இருந்தது. பின்னட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதின்மூன்று இலக்கமும் ஒன்றே. ஒரே பார்கோடை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, 'கன்னிமாரா நூலகத்தில் இடம்பெறச் செய்தல் 2,000'. 1954-இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். சட்டக் கடமையை 2,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அதையும் செய்யவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனைக்கு வைக்கிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். மனிதர் ராக்ஃபோர்ட் பிடித்து, மகனிடம்கூடச் சொல்லாமல், நந்தனம் போயிருக்கிறார். கடை எண் கேட்டு போன் அடித்தால் எடுக்கவில்லை. வரிசை வரிசையாக இரண்டு முறை சுற்றியிருக்கிறார். அப்புறம் டெல்லி அப்பளம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அன்று ராத்திரியே ரயிலேறிவிட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கிண்டில் பதிப்பு தனிக் கதை. அது நிறுவனத்தின் கே.டி.பி. கணக்கில், அதாவது அமேசானில் மின்னூல் வெளியிடும் கணக்கில், ஏறியிருக்கிறது. எத்தனை விற்றது, எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதெல்லாம் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ராயல்டியும் அவர் வங்கிக்குத்தான் போகும். பான், வங்கி விவரம், மின்னஞ்சல் இருந்தால் நூலாசிரியரே கணக்கு தொடங்கிவிடலாம். மின்னூலுக்கு ஐ.எஸ்.பி.என்.கூடத் தேவையில்லை. உங்கள் கணக்கில் நீங்கள் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். 'டெக்னிக்கலா கஷ்டம் சார், நாங்களே பார்த்துக்கறோம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நூலாசிரியரிடம் ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பிரத்யேக உரிமை நிறுவனத்துக்கு என்று அதில் இருந்தது. எத்தனை வருடம் என்று இல்லை. காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வருடம் அவர் தன் புத்தகத்தையே தொடக் கூடாது என்று அவர்கள் வாதாடலாம். ஒப்பந்தத்தை மீறியது அவர்கள்தான் என்று எங்கள் வக்கீல் வாதாடுவார்.

ஏப்ரலில் நானும் அவரும் தனித்தனியாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். என்னுடைய கவர் 'அன்க்ளெய்ம்டு' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆள் ஓடிவிட்டான் என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆளே இல்லேன்னா 'லெஃப்ட்'டுனு எழுதுவான். இது தகவல் சொல்லி, ஏழு நாள் வச்சிருந்தும் வந்து வாங்கலேன்னு அர்த்தம். அங்கதான் இருக்கான்மா" என்றார். வக்கீலும் அதையே சொன்னார்: சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போய், வாங்காமல் விட்டால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

அவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2019 சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. நான் அவருக்குச் சாட்சி. முதல் சுற்று ஃபைல், இறுதி ஃபைல், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன.

என் பணத்தைப் பொறுத்தவரை நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு என்னிடம் இல்லை. அரசிடம் சிறு தொழில் என்று முன்பே அப்படிப் பதிவு செய்திருந்தால், 45 நாளுக்குள் தராத பணத்துக்கு, ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டியோடு கேட்டு, சிறு தொழில்களின் பாக்கிப் புகார்களுக்கான அரசின் சமாதான் தளத்திலேயே புகார் போட்டிருக்கலாம். வேலை முடிந்த பிறகு பதிவு செய்தது பழைய பாக்கிக்கு உதவாது என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். இனி சிவில் வழக்குதான், அதற்கு மூன்று வருடக் கெடு. பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், பைசா செலவில்லை. காசு கேட்கும் தளங்கள் போலியானவை.

இப்போதெல்லாம் உள்வேலை வந்தால் முதலில் நூலாசிரியரின் எண்ணைக் கேட்கிறேன். தர மாட்டோம் என்று இதுவரை நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைகள் போயின. கேள்விகளை உரைக்குள் அடைப்பில் எழுதுவதையும் விட்டுவிட்டேன், தனித்தாளில் பக்க எண்ணோடு அனுப்புகிறேன். இறுதி பிடிஎஃப்பை நான் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் என் பெயர் போடலாம் என்று பில்லிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஆணையத்தில் இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு வந்ததும் மறுபதிப்பு போடலாம் என்றிருக்கிறோம். அதுவரை சும்மா இருக்க மாட்டேன் என்கிறார் அவர். மிச்சமிருக்கும் பிரதிகளை உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும் முன் 84-ஆம் பக்கத்தைத் திறந்து, என் கேள்வியை அடிக்காமல் விட்டுவிட்டு, அதன் கீழே நீல மையில் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.