'ஐ7, ஏ பிளஸ் கண்டிஷன், ஒரு வருட வாரண்டி': ரூ.26,000 ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புக்குள் இருந்தது என்ன?

ஒரு ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) லேப்டாப்பின் விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: டெல் லேட்டிட்யூட் 7480, ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ, ஒரு வருட வாரண்டி. கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக ஒரு குடும்பம் ரூ.26,000 கொடுத்து வாங்கியது. பத்தாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. கடையில் கேட்டதற்கு, "பேட்டரி, சார்ஜருக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார், பில்லுலயே போட்டிருக்கோம்" என்றார்கள். அந்த மெஷினைச் சோதித்தபோது தெரிந்தவை கீழே. எல்லாவற்றையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடை மேசையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அரைமணி நேரம் போதும்.

முதலில் அந்த 'ஐ7'. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பார்த்தால் ஐ7-7600யூ என்று இருந்தது. 7வது ஜென் (தலைமுறை), வெறும் 2 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). அதற்கு அடுத்த ஜென்னில் வந்த சாதாரண ஐ5-8250யூவிலேயே 4 கோர், 8 த்ரெட் உண்டு. ஐ7 என்ற ஸ்டிக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐ7க்குப் பின்னால், சிறு கோட்டுக்கு அடுத்து வரும் எண்ணுக்குத்தான் விலை. இன்னொரு முக்கியமான விஷயம்: ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8வது ஜென்னுக்குக் கீழே உள்ள எதையும் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த மெஷினில் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றியிருந்தார்கள். ஓடும், ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தானாக வந்து சேராது.

ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் மாடல்களில் விண்டோஸ் 11க்கான எல்லைக்கோடு இப்படி: லேட்டிட்யூட் 7480, எலைட்புக் 840 ஜி4, திங்க்பேட் டி470 எல்லாம் கோட்டுக்குக் கீழே. 7490, 840 ஜி5, டி480 மேலே. ஆனால் 7490இலும் 7வது ஜென் போட்டு வந்தவை உண்டு. மாடல் பெயரோடு நிற்காமல் பிராசசர் எண்ணையும் கண்ணால் பாருங்கள்.

சார்ஜ் ஏறாததற்குக் காரணம் டூப்ளிகேட் சார்ஜர். டெல்லின் உருளைப் பின் சார்ஜரில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். 'நான் 65 வாட் சார்ஜர்' என்ற தகவல் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குப் போகிறது. அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் மெஷின் ஆன் ஆகும், வேலையும் செய்யும். ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது, பிராசசர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது எச்சரிக்கை வர வேண்டும். இங்கே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் பகுதி) அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தார்கள். இது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே செய்தது. கடையில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் பேட்டரி விவரம் உள்ள பக்கத்தில் சார்ஜர் எத்தனை வாட் என்று காட்டுகிறதா பாருங்கள். ஒரிஜினல் சார்ஜர் போட்டும் அடையாளம் தெரியவில்லை என்றால், லேப்டாப் பக்கத்து ஜாக்கில் பழுது இருக்கலாம்.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடியுங்கள் (powercfg /batteryreport). வரும் அறிக்கையில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது ஏறும் அளவு) என்று இரண்டு எண்கள். இதில் 60,000க்கு 26,400 இருந்தது, அதாவது 44 சதவீதம். 80க்கு மேல் இருந்தால் கேட்ட விலையைப் பேசலாம். 60க்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். ஏழெட்டு வருட மெஷினில் இரண்டு எண்களும் அச்சாக ஒன்றாக இருந்து, சைக்கிள் எண்ணிக்கையும் (எத்தனை முழு சார்ஜ் ஆகியிருக்கிறது என்பது) பூஜ்யமாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். மலிவான மாற்று பேட்டரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜரைக் கழற்றி 15 நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். 10 சதவீதம் இறங்கினால் மொத்தமே இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ மேசைமேல் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், தொடவே வேண்டாம்.

தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை, டிஸ்க் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது 14,600 மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் 68 சதவீதம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் ஐந்து வருடம்.

விண்டோஸ் ஆக்டிவேஷனும் போலி. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று அடித்தபோது ஒரு காலாவதித் தேதியைக் காட்டியது. கடையில் விற்கும் மெஷினில் முறையான லைசென்ஸ் என்றால் நிரந்தரம் என்று வரும்.

இந்த மெஷினில் இல்லாத, ஆனால் இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி லேப்டாப்புகளைப் பழைய நிறுவனம் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமலே விற்பனைக்கு வந்துவிடுவதுண்டு. கடைக்காரர் இன்டர்நெட் இல்லாமல் செட்டப் முடித்துக் கொடுப்பார், ஒன்றும் தெரியாது. பிறகு என்றோ ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். அதை முறையாக விடுவிக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். அதனால் உங்கள் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலும் வாங்க வேண்டாம். பயாஸில் உள்ள சர்வீஸ் டேக் எண்ணும் (டெல்லின் சீரியல் எண்) அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணும் வேறாக இருந்தால் மதர்போர்டோ அடிமூடியோ மாறியிருக்கிறது.

இப்போது கணக்கு. புதிதாக மாற்ற பேட்டரி ரூ.3,800, சார்ஜர் ரூ.1,500, எஸ்எஸ்டி ரூ.3,500. வாங்கிய விலையோடு ஆக மொத்தம் ரூ.34,800, அதுவும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாத ஒரு மெஷினுக்கு. பக்கத்துக் கடையில் நல்ல பேட்டரியோடு 8வது ஜென் ஐ5 ரூ.30,000 என்று சொல்லியிருந்தாலும் அதுதான் மலிவு.

பில்லில் 'லேப்டாப் - 1' என்று மட்டும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் 15 நாள் டெஸ்டிங் வாரண்டி. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண், பிராசசர் எண், ரேம், வாரண்டி எத்தனை நாள், எவற்றுக்கு என்று எழுதி வாங்குங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.