மடோனாவின் முதல் 12 அங்குல ரெக்கார்டு

அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் 'எவ்ரிபடி' பாட்டின் 12 அங்குல வினைல் இசைத்தட்டு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 1982 அக்டோபரில் சையர் நிறுவனம் வெளியிட்ட அவரது முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு. உறையில் அவர் படம் கிடையாது, நியூயார்க் தெருக் காட்சிதான். பாடுபவர் யார் என்று தெரியாமலே கிளப்களில் ஆடியிருப்பார்கள். டான்ஸ்டீரியா கிளப்பின் டிஜே மார்க் காமின்ஸ்தான் தயாரிப்பாளர்.

முதல் ஆல்பத்தில் இதே பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் ஊசி இறங்கியதும் வேறு பாட்டு மாதிரி இருந்தது. 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்ட முடிகிறது, அதனால் பேஸ் என்கிற அடித்தள ஒலி நெஞ்சில் வந்து இடிக்கிறது. பின்பக்கத்தில் டப் வடிவம், அதாவது குரலைக் குறைத்து இசையை முன்னிறுத்தும் மறுகலவை, கிட்டத்தட்ட 9 நிமிடம். குரல் எதிரொலியில் கரைந்து போக, சின்தசைசரும் தாளமும் மட்டும் ஓடும் இடங்களை ஊசியைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்துக் கேட்டேன். எனக்கு இந்தப் பக்கம்தான் பொக்கிஷம்.

குறையும் உண்டு. 'புதிது போல' என்று சொல்லித்தான் விற்றார்கள். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள், தொடக்கத்தில் பொரிகிற சத்தம். கழுவிய பிறகு பாதி குறைந்தது.

சரி, அடுத்து 1983இன் 'பர்னிங் அப்'. அதன் மறுபக்கம் 'பிசிகல் அட்ராக்‌ஷன்'. தேட ஆரம்பித்துவிட்டேன்.