மூன்று நடுவர் முறைப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கூடைப்பந்தில் மூன்று நடுவர் முறையை இணையவழியில் கற்றுத் தருவதாகச் சொல்லும் ஒரு பயிற்சித் தளத்திடம், பன்னிரண்டு ஆட்டங்களுக்கு விசில் ஊதிச் சேர்த்த ஊதியத்தை இழந்துவிட்டேன். அவர்கள் தாமாகத் திருப்பித் தரமாட்டார்கள் என்பது நேற்றுத்தான் உறுதியானது.

சேரும் முன் தொலைபேசியில் பேசிய பயிற்சியாளர், "பந்து உங்கள் பகுதியில் இல்லாதபோது உங்கள் கண் எங்கே இருக்கும்?" என்று கேட்டார். இரண்டு நடுவர் முறையில் ஆண்டுக்கணக்காக நின்று, சக நடுவர் பார்க்கும் பந்தையே நானும் பார்த்து, என் கண்ணெதிரே நடந்த தள்ளுமுள்ளைப் பலமுறை தவறவிட்ட எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இவருக்கு வேலை தெரியும் என்று நம்பி அன்றிரவே பணம் கட்டினேன். என் ஆட்டக் காணொளிகளைப் பார்த்துத் திருத்துவதாகவும் வாக்களித்திருந்தார்.

வந்தவை பதினான்கு காணொளிகள். முதல் ஒன்பதில் லீட் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டருகே நிற்கும் நடுவர்), ட்ரெயில் (ஆட்டத்துக்குப் பின்னால் நிற்கும் நடுவர்) இருவர் மட்டுமே இருந்தார்கள். பத்தாவதில் மூன்றாவது நடுவரான சென்டரை, லீட் நிற்கும் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்! லீடும் ட்ரெயிலும் ஒரு பக்கம், சென்டர் எதிர்ப்பக்கத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டின் நேர் நீட்சியில் என்பதுதான் அடிப்படை அமைப்பு. பந்து சென்டரின் பக்கம் போய் ஆட்டம் அங்கே நிலைகொண்டால், லீட் எண்ட் லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) ஓரமாக அப்பக்கம் கடந்து வர, சென்டர் ட்ரெயிலாகவும் ட்ரெயில் சென்டராகவும் மாற வேண்டும். இந்தச் சுழற்சியைக் கற்கத்தான் பணம் கட்டினேன். அதற்கு ஒரு படம்கூட இல்லை.

கேட்டபோது, அடுத்த தொகுதியில் வரும் என்றார்கள். மறுபடி கேட்டால், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நான் அனுப்பிய ஆட்டக் காணொளியை யாரும் திறக்கவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், முதல் காணொளியைத் திறந்தவுடனேயே அந்த உரிமை போய்விட்டது என்று பதில் வந்தது. அந்தப் பயிற்சியாளரோ, சேர்க்கை மட்டுமே தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நேற்று என் எண்ணைத் தடுத்துவிட்டார். பன்னிரண்டு ஆட்டங்கள், பன்னிரண்டு மாலைகள் ஓடிச் சேர்த்த பணம் அது. இரண்டு நடுவர், மூன்று நடுவர் ஆகிய இரு முறைகளுக்குமான கையேடுகளை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பணம் கட்டும் முன் அந்தக் கையேடுகளைப் படியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விசில் ஒலித்தால் என்ன செய்வது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். இருவரும் சைகையை நிறுத்தி, கண்ணால் பேசி, எவருடைய பகுதியோ அவரிடம் விடுவதைச் சொல்லாதவரை நம்ப வேண்டாம். மாதிரிக் காணொளி தராத இடத்தில் சேராதீர்கள். ரசீதையும் உரையாடல்களையும் அழிக்காதீர்கள். நான் அவற்றை எடுத்துக்கொண்டு நாளை காலை வங்கியில் முறையிடப் போகிறேன்.