சென்னை ஈரக்காற்றில் 1/24: கார், லாரி மாடல் கிட்டுகளோடு பல வருடப் பழக்கம்

கிட் விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதப்படுபவை. பாகங்களில் பிசிறு உண்டா, டெக்கல் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எப்படி, அட்டைப் படம் அழகா என்பதோடு நின்றுவிடும். கட்டி முடித்த வண்டி நாலைந்து ஐப்பசி மழையைப் பார்த்த பிறகு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நான் கட்டுவது சென்னையில், கடல் காற்று நேராக வந்து மோதும் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனி அறையில். இங்கே எது தாக்குப்பிடித்தது, எது காலை வாரியது, எந்தச் செலவு தண்டம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. கார், லாரி கட்டுபவர்களின் பிழைப்பு பெரும்பாலும் 1/24, 1/25 (நிஜ வண்டியில் 24-இல், 25-இல் ஒரு பங்கு) என்ற இரண்டைச் சுற்றித்தான். ஜப்பானிய, ஐரோப்பியக் கம்பெனிகள் 1/24. பழைய அமெரிக்கக் கம்பெனிகள் 1/25. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றுக்கு மாட்டப்போனால் தெரியும். 1/24-இல் நிஜ வண்டியின் ஓர் அடி அரை அங்குலம் ஆகிவிடும். சாதாரண ஸ்கேலை வைத்துக்கொண்டே மனக்கணக்குப் போடலாம். அம்பாசடரின் நீளம் 4,325 மி.மீ., மாடலில் 18 செ.மீ. அதுவரை பிரச்சினை இல்லை. 12 மீட்டர் பஸ் அரை மீட்டர் ஆகும். ஐரோப்பாவில் 16.5 மீட்டர் வரை அனுமதிக்கப்படும் டிரெய்லர் லாரி கிட்டத்தட்ட 69 செ.மீ. அலமாரியை அளக்காமல் டிரெய்லர் கிட் வாங்காதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் வீட்டில் சண்டை வருவது பணத்தால் அல்ல, இடத்தால்.

கார் என்றால் முதல் பெட்டிக்கு டாமியாவைத் தவிர வேறு சிபாரிசு என்னிடம் இல்லை. 1946-இல் ஜப்பானின் ஷிசுவோகாவில் மர வியாபாரமாகத் தொடங்கி, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக் மாடலுக்கு வந்த கம்பெனி. ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி எல்லாமே அதே ஷிசுவோகா மாகாணம்தான். டாமியா கிட்டில் பாகங்கள் பொருந்தும் சுத்தத்தை எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் வைத்திருப்பவனுக்கு அதைவிடப் பெரிய விஷயம், சக்கரத்துக்குள் போகும் சின்ன பாலிகேப். மெத்தென்ற அந்தப் புஷ் இருப்பதால் சக்கரம் அச்சில் இறுகி நிற்கிறது, சுற்றவும் செய்கிறது. பசை போட்டு ஒட்டிய அச்சுகள் உள்ள கிட்டுகளில், ஷோகேஸைத் துடைக்க வண்டியை எடுத்து வைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சக்கரம் சாய்ந்துகொள்கிறது.

லாரி வேறு கதை. இத்தாலியில் பொலோன்யா பக்கத்திலிருந்து வரும் இட்டாலெரி 1/24 லாரிகளைத்தான் நம் ஊரில் அதிகம் பார்க்க முடியும்: ஸ்கேனியா, வோல்வோ, மெர்சிடிஸ். காரில் பாடி ஒரே துண்டு, அது தானே நேராக நிற்கும். லாரியில் நீளமான இரண்டு சேஸிஸ் தண்டுகளை நீங்கள்தான் குறுக்குச் சட்டங்களால் கட்ட வேண்டும். ஒரு தண்டு மயிரிழை முறுக்கிக்கொண்டாலும் கடைசியில் ஒரு டயர் அந்தரத்தில் தொங்கும். கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் இரண்டு தண்டுகளையும் படுக்கவைத்து, குறுக்குச் சட்டங்களைப் பசையில்லாமல் செருகி, முன் அச்சையும் பின் அச்சையும் சும்மா மாட்டிப் பார்த்து, அதன் பிறகே பசை வைக்கிறேன். மேலே ஏதாவது கனமானதைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விடவேண்டும். மறுநாள் ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு துண்டுச் சீட்டை நுழைத்துப் பாருங்கள். எதற்கு அடியில் சீட்டு லேசாகப் போகிறதோ அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அப்போதே குறுக்குச் சட்டத்தைப் பிரித்துத் திரும்ப ஒட்டினால் ஆயிற்று. கேபின் ஏறிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின், 40 மில்லி பாட்டில். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இடுக்கைத் தொட்டால் பசை தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் கலந்தது, சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும்.

கருவிகளில் இறக்குமதி மோகம் முதல் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிட்டது. பெயர் பெற்ற ஹாபி கத்திகளுக்குப் பதில், ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள சர்ஜிக்கல் கடையில் 3-ஆம் நம்பர் கைப்பிடியும் 11-ஆம் நம்பர் பிளேடும் கேளுங்கள். அதைவிடக் கூர்மையானதை நான் பயன்படுத்தியதில்லை, விலையும் சொற்பம். பெயிண்ட் அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு. தேய்ப்பதற்கு ஹார்டுவேர் கடையின் வாட்டர் பேப்பர்: 400-இல் தொடங்கி 2000 வரை. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் நல்ல நிப்பருக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். மட்டமான கட்டிங் பிளையரால் வெட்டினால் பாகத்தின் விளிம்பு வெளுத்துக் கிழியும், அந்த வெளுப்பு பெயிண்டுக்கு அடியிலும் பல்லைக் காட்டும்.

இனி பெயிண்ட். சென்னையில் கார் மாடல் கட்டுவதில் முக்கால்வாசி இதுதான்.

வெளிநாட்டு வீடியோக்களில் லாக்கர் பெயிண்டை அடித்துவிட்டு அடுத்த காட்சியில் கண்ணாடிபோல் பளபளக்கும் காரைக் காட்டுவார்கள். அதையே இங்கே ஐப்பசியில் செய்தால் சிவப்புக் கார் திருநீறு பூசிக்கொள்ளும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்த வெண்மூட்டம் அதனால்தான். லேசானதாக இருந்தால், ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு வாட்டி தெளித்தால் பெயிண்ட் மறுபடி இளகி ஈரம் வெளியேறிவிடும். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் ரிட்டார்டர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எனக்கு வருடம் முழுக்க நின்று வேலை செய்த ஒரே தின்னர் அதுதான். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் அக்ரிலிக் பெயிண்டுகளையும் அவர்களுடைய சொந்த எக்ஸ்-20ஏ தின்னரைவிட இதில் கரைத்தால் வழவழப்பாக உட்காருகிறது.

கோடையில் பிரச்சினை தலைகீழ். பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷின் நுனியிலிருந்து பாடிக்குப் போவதற்குள்ளேயே துளிகள் பாதி காய்ந்து, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். தின்னரைக் கூட்டி, பாடிக்குக் கிட்டப் பிடித்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் சமாளிக்கலாம். மொத்தத்தில் பளபளப்பு வேண்டிய கார் பாடியை நான் தை, மாசியில்தான் அடிக்கிறேன். மழை மாதங்கள் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும்.

ஏர்பிரஷ் 0.3 மி.மீ. நாசில், டபுள் ஆக்‌ஷன் (காற்றையும் பெயிண்டையும் ஒரே விசையால் கட்டுப்படுத்துவது) போதும். விலை குறைந்தவற்றில் உள்ளே ரப்பர் ஓ-ரிங் இருக்கும். லாக்கர் தின்னர் பட்டுப்பட்டு அது ஊதிக் காற்று கசிய ஆரம்பிக்கும். வாங்கும்போதே டெஃப்லான் சீல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பிரஸர் டேங்க் உள்ளதாக இருக்கட்டும். நம் காற்றை அழுத்தினால் தண்ணீர் கொட்டும், இது மிகையில்லை. ரெகுலேட்டரில் உள்ள வாட்டர் டிராப் மட்டும் மழைக்காலத்தில் போதாது, ஹோஸுக்குள்ளேயே நீர் சேர்கிறது. ஏர்பிரஷின் கழுத்தில் மாட்டும் சின்ன ஃபில்டர் ஒன்று கூடுதலாக இருந்தால், பானெட் நடுவில் ஒரு நீர்த்துளி வந்து விழாது.

உள்ளூர் மாற்று ஒன்றும் இருக்கிறது. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் ஆட்டோமொபைல் பெயிண்ட் கடைகளில் கலர் கோடு சொன்னால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் கலந்து தருவார்கள். "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டவரிடம் உள்ளங்கை அளவு பானெட்டைக் காட்டினேன், சிரித்துவிட்டு இருப்பதிலேயே சின்ன டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நிறம் நூற்றுக்கு நூறு நிஜ வண்டியின் நிறம். ஆனால் என்.சி. தின்னர் வெற்றுப் பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பு வெந்து சுருங்கும். நல்ல பிரைமர் அடித்து, முதல் இரண்டு கோட்டைத் தூவினாற்போல அடித்தால் ஒன்றும் ஆகாது. அப்படி அடித்த வண்டிகள் இன்றைக்கும் வெளுக்காமல் நிற்கின்றன. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியரின் பளபளப்புக்கு ஈடே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அதன் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் ஃபிளாட்டில் அது எனக்கு வேண்டாம். சாதாரண லாக்கருக்கே ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) போட்ட மாஸ்க் கட்டாயம். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் தூசிக்குக்கூடச் சரியாக ஆகாது.

கட்டிய பிறகு நடப்பதுதான் அடுத்த பாடு. பழைய கிட்டுகளில் வரும் மெத்தென்ற வினைல் டயரிலிருந்து பிளாஸ்டிசைசர் (வினைலை மெத்தென்று வைக்கும் எண்ணெய் போன்ற பொருள்) கசிந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நம் ஊர் சூட்டில் இது சீக்கிரமே நடக்கிறது. கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனி ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். டெக்கல் தாளையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வையுங்கள், ஈரம் புகுந்தால் மேலே மூடியிருக்கும் மெல்லிய தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்க வராது. மஞ்சளித்துப்போன டெக்கலை வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுத்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் நம் வெயிலுக்கு நன்றி. மாஸ்கிங் டேப்பை அன்றைக்கே உரியுங்கள், மே மாதத்தில் இரண்டு நாள் விட்டால் பசை பெயிண்டில் தங்கிவிடும். மோலோடோ குரோம் பேனா நிஜக் குரோம் மாதிரியே இருக்கும். விரல் பட்டால் மங்கும், மேலே கிளியர் அடித்தாலும் மங்கும். பம்பருக்கு அதைப் போடுவதானால் கடைசி வேலையாகப் போடுங்கள்.

பணம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. சுங்கப் பட்டியலில் குழந்தைகள் உருட்டும் பொம்மைக் காரும் நாம் கட்டும் ஸ்கேல் மாடலும் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அதற்குப் பிறகு பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கும் பழக்கம் போய்விட்டது. ஒரு கிட்டை நிதானமாகக் கட்டுகிறேன். நஷ்டம் என்று சொல்லமாட்டேன்.

வரியின் இன்னொரு விளைவு, கிட் இல்லாமலே கட்டத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் பட்டியலில் நாமக்கல் லாரியை நான் பார்த்ததே இல்லை. சேஸிஸை மட்டும் வாங்கிவந்து நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கேபினும் பாடியும் கட்டிய அந்த வண்டிகளை யார்தான் கிட்டாகப் போடப்போகிறார்கள். ஐரோப்பிய லாரிக் கிட்டின் சேஸிஸும் டயரும் இதற்கு அப்படியே உதவும். நம் லாரியின் 10.00-20 டயர் மாடலில் ஏறக்குறைய 44 மி.மீ. விட்டம், கிட்டில் வரும் 315/80 டயர் 45. ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ரிம்தான் ஒத்துவராது, நம்முடையதில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் தனியாகத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைக் கீற்றாக வெட்டி வளையம் செய்து ஒட்டுகிறேன். பாடிக்கு 3 மி.மீ. ஃபோம் ஷீட். பலகை இடுக்குகளைக் கத்தி முதுகால் கீறி, மரத்தின் ரேகையை வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் இழுத்தால் பெயிண்ட் ஏறியதும் மரமாகவே தெரியும். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்துவது வழக்கமான முறை. காய்ந்ததும் மேலே மேட் லாக்கர் ஒரு கோட் அடித்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகையில் அதன்மேல் நிஜப் பூஞ்சை பூக்கும். வெதரிங் (வண்டியை அழுக்கும் தேய்மானமுமாகக் காட்டுவது) என்று பார்த்தால் சுகமே லாரியில்தான். காரில் ஒரு தூசி விழுந்தால் பாடியை மறுபடி தேய்க்க வேண்டும். லாரியில் தூசி விழாவிட்டால் நாம் பேஸ்டலை உரசிப் பொடியாக்கித் தூவ வேண்டியிருக்கிறது.

புதிதாக வருபவர்கள் வரிக்குப் பயந்து, யாரோ பரணில் போட்டுவைத்த பழைய பெட்டிகளைத் தேடுகிறார்கள். நல்ல யோசனைதான், வாங்கும் இடத்திலேயே பிரித்துப் பாருங்கள். டெக்கல் மஞ்சளித்திருந்தால் பரவாயில்லை. கண்ணாடிப் பாகம் கீறியிருந்தால் 2000 வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் சரிசெய்துவிடும். டயர் உருகி அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.